இருபது வினை, எட்டு இடைச்சொல்

"இலக்கணம் எல்லாம் தெரியும் சேர், எழுதச் சொன்னால் எழுதுவன், கதைக்கத்தான் வருகுதில்லை." யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற எவருக்கும் இந்த முறைப்பாடு பாடமாகிப் போயிருக்கும். கொழும்புத்துறை, பாசையூர், அரியாலைப் பக்கங்களிலிருந்து ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களைப் பொதுவாக மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு கூட்டம். வேலைக்கு நேர்முகம் போக இருக்கும் இளைஞர்கள் இன்னொரு கூட்டம். வெளிநாட்டில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசாவுக்குக் காத்திருப்பவர்கள் மூன்றாவது. மூன்று கூட்டமும் சொல்லும் குறை ஒன்றுதான். அதற்கு ஊரில் சொல்லப்படும் காரணமும் இரண்டுதான்: கூச்சம், அல்லது இலக்கணம் போதாது. கூச்சத்துக்கு மேடையேற்றுகிறார்கள், இலக்கணத்துக்கு இன்னொரு புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டும் நோய்க்குப் பொருந்தாத மருந்து என்பதுதான் இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்த முடிவு. எங்கள் பிள்ளைகளிடம் இல்லாதவை ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள். போ, வா, எடு, வை என்ற வகையான கொஞ்ச வினைகளும், மேலே, கீழே, உள்ளே, வெளியே என்ற வகையான கொஞ்ச இடைச்சொற்களும் சேர்ந்து ஓடுவதுதான் அன்றாட ஆங்கிலப் பேச்சு. அதைப் படிப்பிக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மரபுத்தொடர்ப் பட்டியலையும் மறுபக்கம் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். சின்ன வினைகள் முதலில், அவற்றைத் தாங்கும் அளவுக்கு இலக்கணம் கூடவே, மரபுத்தொடர் கடைசியில். இந்த வரிசைக்கு மாறவேண்டும் என்பதே என் வாதம்.

இந்த வரிசை ஏன் தலைகீழானது என்று விளங்க, ஆங்கிலம் இங்கே எதற்காக வந்தது என்று பார்க்கவேண்டும். அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841 இல் தமிழும் ஆங்கிலமுமாக உதயதாரகைப் பத்திரிகை என்று கால் நூற்றாண்டுக்குள் ஆங்கிலம் குடாநாட்டில் வேரூன்றிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாய்மொழிக் கல்விதான் மதப்பணிக்கு ஏற்றது என்று மிஷனின் மேலிடம் கருதியதால் 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆனால் ஊர் ஆங்கிலத்தை விடவில்லை. அது உத்தியோகத்தின் மொழி. கச்சேரியில் இலிகிதர், புகையிரதத்தில் நிலைய அதிபர், மலாயாவில் கணக்கர் என்று யாழ்ப்பாணத்தவர் போன இடமெல்லாம் கேட்கப்பட்டது பேனாவின் ஆங்கிலம்: அறிக்கை எழுத, மேலதிகாரிக்கு விண்ணப்பிக்க, பேரேட்டைச் சரிபார்க்க. அந்த ஆங்கிலத்துக்கு நீண்ட சொற்களும் பிசகாத இலக்கணமும்தான் தேவை. அதைப் படிப்பித்த முறை அந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தது; அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தையும் நன்னூல் சூத்திரத்தையும் மனனம் செய்து பழகிய ஊருக்கு, ஆங்கில இலக்கணத்தையும் விதி விதியாக மனனம் செய்வது இயல்பாகவே வந்திருக்கும்.

பிறகு வேலை மாறியது, பாடம் மாறவில்லை. 1945 இன் இலவசக் கல்வியோடு தாய்மொழிக் கல்வி வலுப்பெற்றது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகம் எடுக்கும் பாதை குறுகியது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பங்கள் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறின. அங்கே போனவர்களுக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டியிருந்தது. கடையில் மேற்பார்வையாளர் சொல்வதைக் கேட்டவுடன் செய்யவேண்டியிருந்தது. பிரித்தானியா 2010 நவம்பரிலிருந்து துணைவர் விசாவுக்கு ஆங்கிலத்தில் பேசவும் கேட்டு விளங்கவும் தெரியுமா என்று சோதிக்கத் தொடங்கியது. அதில் கேட்கப்பட்டது ஐரோப்பிய அளவுகோலின் ஆறு படிகளில் அடிப்படியான ஏ1. பெயர், வீடு, கடை, நேரம், சுகதுக்கம் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. உயர்தரம் சித்தியடைந்தவர்களும் அந்த அடிப்படியில் தடுமாறுவதைப் பார்த்தவர்கள் 'படிப்பு இருக்கு, பேச்சில்லை' என்று சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் படித்தது ஒரு வேலைக்கான ஆங்கிலம், கேட்கப்பட்டது வேறொரு வேலைக்கான ஆங்கிலம் என்பதுதான் உண்மை. 'கமென்ஸ்', 'பர்ச்சேஸ்', 'போஸ்ட்போன்', 'டொலரேட்' என்று எழுதப் பழகியவருக்கு, எதிரே நிற்பவர் அதே கருத்தை 'ஸ்டார்ட் ஓஃப்', 'பிக் அப்', 'புட் ஓஃப்', 'புட் அப் வித்' என்று சொன்னால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்தும் வசனம் விளங்காது.

மரபுத்தொடர்ப் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வோம். எந்த ரியூசன் குறிப்புக் கொப்பியைத் திறந்தாலும் பின்பக்கங்களில் அது இருக்கும். பூனையும் நாயுமாக மழை பெய்யும். வாளியை உதைத்தவர் செத்துப்போவார். வெள்ளை யானை வீண்செலவைக் குறிக்கும். இடது பக்கம் தொடர், வலது பக்கம் தமிழ்க் கருத்து, கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. இவற்றை ஆங்கிலேயர் உண்மையில் எவ்வளவு தரம் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பை ஆராய்ந்து 1998 இல் நூலாக்கினார். நிலைத்த தொடர்களில் பெரும்பாலானவை பத்து இலட்சம் சொற்களுக்கு ஒரு தடவைகூட வருவதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நிமிடத்துக்கு 150 சொல் என்ற வேகத்தில் கதைத்தால், பத்து இலட்சம் சொல்லைக் கதைத்து முடிக்க 111 மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாலும் வருமோ வராதோ என்ற ஒன்றை முதல் மாதத்திலேயே ஏன் படிப்பிக்கிறோம்? படிப்பிக்கச் சுலபம் என்பதால். ஒரு பக்கத்தில் இருபது தொடரை எழுதிப் போட்டால் பாடம் நடந்தது போல இருக்கும். பிள்ளைக்கும் புதினமாக இருக்கும். அடுத்த நாள் கேட்டு மதிப்பெண் போடலாம். மரபுத்தொடரை நான் வெறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கிலம் ஆக்கினார். 1874 இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருந்தன. ஆனால் அவர் தமிழைப் பழமொழியில் தொடங்கிப் படிக்கவில்லை. பேசத் தெரிந்த பிறகுதான் பழமொழிகளின் சுவைக்குள் இறங்கினார். மரபுத்தொடரின் இடம் அதுதான். கேட்டால் விளங்கவேண்டும், நாமாகச் சொல்ல அவசரமில்லை. அதுவும், பிழையான இடத்தில் சொன்ன மரபுத்தொடர், பிழையான இலக்கணத்தைவிடக் கேலிக்கு உள்ளாகும்.

வினையும் இடைச்சொல்லும் சேர்ந்த தொடர்களின் கணக்கு இதற்கு நேர்மாறு. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானிய தேசியத் தொகுப்பை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவு, ஆங்கிலம் படிப்பிக்கும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்கவேண்டியது. இருபதே வினைகள் எட்டே இடைச்சொற்களோடு சேர்ந்து அத்தொகுப்பில் வரும் இத்தகைய தொடர்களில் பாதிக்கு மேல் நிரப்பிவிடுகின்றன. அதிகம் வரும் 25 தொடர்களை மட்டும் எடுத்தாலே மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். நூறு தொடர்கள் பாதியைத் தாண்டும். கோ, கம், டேக், கெட், புட், லுக் போன்றவையே அந்த வினைகள். அப், அவுட், ஒன், ஓஃப், டவுன், பக் போன்றவையே அந்த இடைச்சொற்கள். தரம் 3 பிள்ளைக்குத் தெரியாத ஒரு சொல்லும் இதில் இல்லை. வங்காளத்தில் கற்பித்த மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், பயிலுநருக்கு எந்தச் சொல் முதலில் என்பதை எவ்வளவு வருகிறது என்பதே தீர்மானிக்கவேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே சொல்லி, 1953 இல் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டிருந்தார். அந்தக் கொள்கையைச் சொல்லோடு நிறுத்திவிட்டோம், சொற்சேர்க்கைக்குக் கொண்டுபோகவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. அதே ஆய்வு அந்த நூறு தொடர்களுக்கும் 559 பொருள்கள் இருக்கக்கூடும் என்கிறது. அதாவது, சொல் சின்னது, சுமை பெரிது. அதனால்தான் இவற்றைப் பட்டியலாகப் படிப்பித்து முடிக்க முடியாது. ஒரு தொடருக்கு அதிகம் வரும் ஒரு பொருள், அல்லது இரண்டு, என்று தெரிந்தெடுத்துப் புழக்கத்தில்தான் படிப்பிக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் தமிழ் எங்களுக்குக் கை கொடுக்கும். இஸ்ரேலில் எபிரேயம் பேசும் மாணவர்கள் இத்தகைய தொடர்களைத் தவிர்த்து, ஒற்றைச் சொல் வினைகளையே நாடுகிறார்கள் என்று டாகுட், லாவ்ஃபர் இருவரும் 1985 இல் காட்டினார்கள். தாய்மொழியில் இப்படியான அமைப்பு இல்லாததே காரணம் என்றார்கள். தமிழ்ப் பிள்ளையும் தவிர்க்கிறது. ஆனால் தமிழில் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லமுடியாது. இடைச்சொல் செய்யும் வேலையைத் தமிழில் துணைவினை செய்கிறது. 'சாப்பிட்டுப் போட்டு வாறன்' என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது எவரும் எதையும் போடுவதில்லை. சாப்பாடு முடிந்தது என்பதைத்தான் 'போட்டு' சொல்கிறது. ஆங்கிலத்தில் 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'டெயார் அப்' என்னும்போதும் எதுவும் மேலே போவதில்லை. தின்று முடித்தாயிற்று, பாவித்து முடித்தாயிற்று, கிழித்துப் போட்டாயிற்று. இந்த 'அப்' எங்கள் 'போடு'வின் உறவினன் என்று சொன்னவுடன் வகுப்பில் பாதிப் பேருக்கு வெளித்துவிடும். கூட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள் என்பதற்கு ஆங்கிலம் 'புட் ஓஃப்'. தள்ளியும் போடுவும் அப்படியே இடம் மாறி நிற்கின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்பதற்கு 'லுக் ஆஃப்டர்'. இரண்டும் பார்ப்பதில்தான் தொடங்குகின்றன. விட்டுக்கொடு என்பது 'கிவ் இன்'. இரண்டிலும் கொடுப்பது இருக்கிறது. எல்லாத் தொடரும் இப்படி ஒட்டி வராது; வரும் என்று நினைத்து நீட்டினால் பிழை வரும். ஆனால் 'சொல்லிக் கொடு' என்பதில் சொல்வதையும் கொடுப்பதையும் தனித்தனியே கூட்டிப் பார்த்துப் பொருள் எடுக்காத பிள்ளை, 'கிவ் அப்' என்பதிலும் அப்படிக் கூட்டக்கூடாது என்பதை உடனே ஏற்றுக்கொள்ளும். இந்த ஒரு விளக்கத்துக்கு ஆங்கிலத்தில் அரைமணித்தியாலம் மினைக்கெடுவதைவிடத் தமிழில் இரண்டு வசனம் போதும்.

வகுப்பில் இது எப்படி நடக்கும் என்பதற்கு வைத்தியரின் அறையைவிட நல்ல உதாரணம் இல்லை. நோயாளி உள்ளே வந்தவுடன் 'சிட் டவுன்'. சட்டைக் கையைச் சுருட்டு என்பதற்கு 'ரோல் அப்', சட்டையைக் கழற்று என்பதற்கு 'டேக் ஓஃப்', படு என்பதற்கு 'லை டவுன்', மூச்சை இழுக்க 'பிரீத் இன்', விட 'பிரீத் அவுட்', திரும்பிப் படுக்க 'டேர்ன் ஓவர்', எழும்ப 'கெட் அப்', திரும்பச் சட்டையைப் போட 'புட் இட் ஒன்', அடுத்த கிழமை வர 'கம் பக்'. பத்துக் கட்டளை, பத்தும் சின்னச் சொல். ஒருவர் வைத்தியர், ஒருவர் நோயாளி. சொன்னதைச் செய்துகாட்டவேண்டும், மொழிபெயர்க்கக்கூடாது. உடம்பு செய்த சொல் மறக்காது. அடுத்த படியில் நோயாளியின் வாய்: சத்தி எடுத்தேன் என்பது 'த்ரூ அப்', மயங்கி விழுந்தார் என்பது 'பாஸ் அவுட்', காலமானார் என்பது 'பாஸ் அவே'. கடைசி இரண்டையும் மாறிச் சொன்னால் என்ன நடக்கும் என்று வயோதிபர் இல்லத்தில் வேலைக்குப் போகப்போகும் ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை. ஊரிலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறுவது 'கெட் ஒன்', இறங்குவது 'கெட் ஓஃப்'. காரிலும் ஓட்டோவிலும் ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. எழுந்து நடந்து திரியக்கூடிய வாகனம் என்றால் பெரும்பாலும் முதல் சோடி. குனிந்து உள்ளே போய் இருக்கிற வாகனம் என்றால் இரண்டாவது. அப்படியானால் கொழும்புத்துறை இறங்குதுறையில் கட்டியிருக்கும் சின்ன வள்ளத்தில் ஏறுவது எது, நெடுந்தீவுக்குப் போகும் பெரிய படகில் ஏறுவது எது என்று கேட்டால், விதியைச் சொல்லாமலே பிள்ளைகள் சரியாகப் பிரித்துவிடுவார்கள்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பது இதிலேயே தெரியும். சின்ன வினைகளைக் கையாள இலக்கணம் வேண்டும். ஆனால் அது வேறு இலக்கணம். 'புட் ஓஃப் த மீற்றிங்' என்றும் சொல்லலாம், 'புட் த மீற்றிங் ஓஃப்' என்றும் சொல்லலாம். பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் மட்டும் 'புட் இட் ஓஃப்' என்று நடுவில்தான் வரவேண்டும். 'லுக் ஆஃப்டர்' அப்படிப் பிரியாது. இந்த ஒரு விதி எதிர்காலப் பூரணத் தொடர்காலத்தைவிட நூறு மடங்கு பயன்படும். மற்றப்படி, தமிழ் பேசும் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் எண்ணிவிடக்கூடியவை. தமிழில் வசனத்தின் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்', 'டிட்' முன்னால் வந்து நிற்கவேண்டும், வந்தபிறகு வினை பழைய உருவத்துக்குத் திரும்பவேண்டும். 'டிட் யூ வென்ட்' என்ற பிழை அங்கே பிறக்கிறது. 'மூண்டு வருசமா இஞ்சை இருக்கிறன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் 'ஹாவ் லிவ்ட்' என்று வேறு உருவத்தில் சொல்லும். 'எனக்கு ரெண்டு தம்பிமார் இருக்கினம்' என்ற வசனத்தில் 'எனக்கு' எழுவாயாக மாறி 'ஐ ஹாவ்' ஆகவேண்டும். அதை 'ஐ ஆம் ஹாவிங்' என்று நீட்டுகிறோம். முன்னே தெரிந்த பொருளுக்கு 'த', புதிதாகச் சொல்லும் ஒன்றுக்கு 'அ' என்பது தமிழில் இல்லாத கணக்கு. தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்கும். இந்த ஐந்தும், அவன், அவள், அது என்று வரும்போது வினையில் சேரும் 'ஸ்' ஒலியும் பிடிபட்டால் அன்றாடப் பேச்சுக்கு இலக்கணம் போதும். ரென் அன்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணம் நல்ல புத்தகம்தான். எழுதுகிறவர் சந்தேகம் வரும்போது திறக்கவேண்டிய புத்தகம். கதைக்கப் பழகுகிறவர் முதற்பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டிய புத்தகம் அல்ல.

இதற்கு மூன்று பக்கத்திலிருந்து மறுப்பு வரும். முதலாவது, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படிப்பிக்கவேண்டும், வகுப்பில் தமிழ் நுழைந்தால் பிள்ளை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும் என்பது. இதில் பாதி உண்மை. வகுப்பு நேரம் முழுவதும் தமிழில் இலக்கணம் விளக்கும் வகுப்பு ஆங்கில வகுப்பே அல்ல. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தமிழைத் துரத்தினாலும் அது பிள்ளையின் தலைக்குள்தான் இருக்கும். துரத்திய தமிழ் ஒளிந்திருந்து 'ஐ ஆம் ஹாவிங்' என்று வரும். வெளியே எடுத்து வைத்து ஒப்பிட்ட தமிழ் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று காட்டித்தரும். விளக்கம் தமிழில் இரண்டு நிமிடம், பழக்கம் ஆங்கிலத்தில் இருபது நிமிடம் என்பது நியாயமான பங்கு. இங்கே ஆங்கிலம் வீட்டிலும் தெருவிலும் கேட்கும் மொழி அல்ல. இலண்டனில் வளரும் பிள்ளைக்கு விதி தெரியாமலே காது பழகும். கிழமைக்குச் சில பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு அந்தக் காதுப் பழக்கத்துக்கு நேரம் இல்லை. ஆகவே விளக்கம் தேவை, அதுவும் விளங்கும் மொழியில் தேவை. தொலைபேசியில் படமும் காணொளியும் பார்த்தால் தானாக வந்துவிடும் என்று சொல்வோருக்கும் இதுவே பதில். பார்ப்பது காதுக்கு நல்லது. ஆனால் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் பார்க்கிறவருக்கு, இந்தச் சின்னச் சொற்கள்தான் முதலில் நழுவும். விரைவாகச் சொல்லப்படுவதால் அவை காதில் நிற்பதில்லை.

இரண்டாவது மறுப்பு பரீட்சை. சாதாரண தர ஆங்கிலம் எழுத்துப் பரீட்சை. அங்கே கடிதமும் கட்டுரையும்தான் கேட்பார்கள், பேச்சுத் தொடர் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் அந்த வினாத்தாளே இடைவெளியை நிரப்பச் சொல்லும்போது 'ஃபில் இன்' என்கிறது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் 'ஐ ஆம் லுக்கிங் ஃபோவர்ட் டு' என்று ஒரு வரி இயல்பாக விழுந்தால், மனனம் செய்த ஒரு பந்தியைவிட அது திருத்துகிறவரின் கண்ணில் படும். பரீட்சையை ஒட்டியே இன்னொரு மனத்தடையும் உண்டு: சின்னச் சொல் தரங்குறைந்தது, பெரிய சொல்லில்தான் படிப்புத் தெரியும் என்ற எண்ணம். கொழும்புத்துறையில் இருந்துகொண்டு இந்த எண்ணத்தை வைத்திருப்பது வியப்பு. இரணைமடு நீர்ப்பாசனத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த, ஆங்கிலம் தெரிந்த யோகர் சுவாமிகள், 1964 இல் சமாதி அடையும் வரை பல பத்தாண்டுகள் இந்த ஊரில் ஒரு குடிலில்தான் இருந்தார். நீதிபதிகளும் பேராசிரியர்களும் ஐரோப்பியர்களும் தேடி வந்த அவருடைய வாக்கு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் புழங்கும் சொற்களால் ஆனது. பெரிய விடயத்தைச் சின்னச் சொல்லில் சொல்லலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த ஊருக்குத் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு சுயமரியாதை சார்ந்தது. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' பண்ணுவதும், வெளியூரிலிருந்து பொருளை 'கெட் டவுன்' பண்ணி எடுப்பதும், பல்கலைக்கழகப் படிப்பை முடித்து 'பாஸ் அவுட்' ஆவதும் எங்கள் ஆங்கிலம், அதைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்ட இலண்டன்காரர் யார் என்று கேட்கிறார்கள். வெட்டத் தேவையில்லை என்றே நானும் சொல்வேன். கொழும்பில் ஒரு கந்தோரில் அவை எல்லோருக்கும் விளங்கும். விளங்கும் இடத்தில் அவை சரி. ஆனால் கம்பஸிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனேன் என்று ரொறன்ரோவில் ஒரு நேர்முகத்தில் சொன்னால், எதிரே இருப்பவர் இவர் அங்கே மயங்கி விழுந்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். எது எங்கே செல்லும் என்று தெரிந்தவருக்கு இரண்டு ஆங்கிலமும் சொத்து; தெரியாதவருக்கு உள்ளதும் இடறல். ஆகவே இங்கே ஆசிரியரின் வேலை ஒன்றை அழித்து மற்றதை எழுதுவது அல்ல. இது இங்கே, அது அங்கே என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவதுதான். சின்னச் சொற்களைக் கவனிக்கப் பழகாதவருக்கு இந்த வேறுபாடே கண்ணில் படாது என்பதால், இந்த மறுப்பும் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது.

செய்யவேண்டியது பெரிய சீர்திருத்தம் அல்ல. புதிய பாடத்திட்டமோ அரசாங்கச் சுற்றறிக்கையோ இதற்கு வேண்டாம். அதிகம் வரும் 25 தொடர்களையும் ஒரு தவணைக்குள் வைக்கலாம். கிழமைக்கு இரண்டு என்றால் தவணை முடிய ஏறத்தாழ எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அதிகம் வரும் பொருள் ஒன்று, அதைச் சொல்லும் இடம் ஒன்று, பிள்ளை தன் வாயால் சொன்ன வசனம் மூன்று என்றால் போதும். கேள்வி கேட்கும் முறையும் 'ஹாவ்' வரும் முறையும் அந்த வசனங்களுக்குள்ளேயே படியும். மரபுத்தொடர் வாசிப்பில் தட்டுப்படும்போது கருத்தைச் சொல்லிவிட்டு நகரலாம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைப் பார்க்கும்போது எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணாதீர்கள். காலையில் எழும்பியதிலிருந்து பாடசாலைக்கு வெளிக்கிடும் வரை செய்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எழும்பி, உடுத்தி, சப்பாத்தைப் போட்டு, விளக்கை அணைத்து, வெளியே போனேன் என்பதில் ஐந்து வினை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐந்தும் சின்னச் சொற்களாலேயே சொல்லப்படும். அதைத் தடங்கலின்றிச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குவது வீண்செலவு.